வெருகலில் இருந்து அக்கரப்பத்தனை வரை: மாவலியைப் பிடித்துக்கொண்டு வேனில் 11 நாள்

கதிரவெளி மகள்

வணக்கம் எல்லாருக்கும். வயதான அப்பாவை வேனில் படுக்கவைத்துக் கூட்டிக்கொண்டு மாவலி ஆற்றோரமாகப் போகலாமா என்று மாசிக் கடைசியில் இங்கேதான் கேட்டிருந்தேன். நிறையப் பேர் பதில் தந்தீர்கள். போய்விட்டு வந்துவிட்டோம். 11 நாள், வேன் மீற்றரில் 950 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் கூட. ஒரு நாளைக்கு நூறு கிலோமீட்டர்கூட ஓடவில்லை. இதை மூன்று நாளில் முடிக்கலாமா என்று யாராவது கேட்கப்போகிறீர்கள், அதற்காகத்தான் முதலிலேயே சொல்கிறேன். ஓடி முடிக்கலாம். ஆற்றைப் பார்த்திருக்க மாட்டீர்கள், அவ்வளவுதான்.

ஏன் போனோம் என்றால், அப்பா பிறந்து வளர்ந்து வயல் செய்தது எல்லாம் கதிரவெளிப் பக்கம். அவருக்கு ஆறு என்றால் வெருகல் ஆறு. 1957 வெள்ளத்தில் அவருக்கு 7 வயது. வீட்டுக்குள் தண்ணீர் வந்தபோது கூரை வளையில் கட்டிய ஏணையில் தம்பியை வைத்துக்கொண்டு இருந்ததும், இந்தத் தண்ணி மலைநாட்டில் இருந்து வருது மகன் என்று அப்பப்பா சொன்னதும் அவர் அடிக்கடி சொல்கிற கதை. அப்புறம் எத்தனை பெரும்போகம், எத்தனை வெள்ளம். 2011லும் வயல் போனது. ஆனால் அந்த மலைநாட்டுத் தண்ணீர் தொடங்குகிற இடத்தை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை. கண்டிக்கு இரண்டு தடவை போயிருக்கிறார், இரண்டும் ஆஸ்பத்திரி அலுவல். இந்த முறை அறுவடை முடிந்து நெல்லும் கொடுத்தாகிவிட்டது, பங்குனி முதல் கிழமை கிளம்பிவிட்டோம். நான், கணவர், 9 வயது மகன், அப்பா.

பங்குனியைத் தேர்ந்தெடுத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மாவலிக்கு இரண்டு மழை. மேலே நாவலப்பிட்டி, ஹட்டன் பக்கம் வைகாசிக்குப் பிறகு தென்மேற்கு மழை கொட்டும், கீழே நம்முடைய பக்கம் ஐப்பசியில் இருந்து தை வரை வடகீழ்ப் பருவமழை. இரண்டுக்கும் நடுவில் ஆறு அடங்கிக் கிடப்பது மாசிக் கடைசியில் இருந்து சித்திரை வரைக்கும்தான்.

இனிப் போகிறவர்களுக்கு ஒரு முக்கியமான விஷயம். 335 கிலோமீட்டர் ஆறு, அதன் பக்கத்திலேயே ஒரு றோட்டும் கூடவே ஓடும் என்று நினைத்துப் போகாதீர்கள். நாங்கள் அப்படித்தான் நினைத்திருந்தோம். வெருகலில் இருந்து ஆற்றோரமாக மேலே போக வழியே இல்லை, உள்ளே காடு, அதற்கும் மேலே சோமாவதி தேசியப் பூங்கா, வெள்ளச் சமவெளிப் பூங்கா. மாவலியைக் காண்கிற இடம் பாலம், அணைக்கட்டு, துறை, இந்த மூன்றும்தான். ஆகவே வீட்டில் இருந்தே வரைபடத்தில் பாலங்களையும் அணைகளையும் குறித்துக்கொள்ளுங்கள், ஒவ்வொன்றிலும் அரை நாள் இறங்கி நில்லுங்கள். நாங்கள் 14 இடம் குறித்தோம், 12இல் இறங்கினோம்.

முதல் இடம் வெருகல். சித்திரவேலாயுதர் கோயிலில் கும்பிட்டுவிட்டுப் பாலத்தில் நின்றோம். முன்பு இங்கே பாதைதான். அந்தக் காலத்தில் பாதைக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று அப்பா மகனுக்குச் சொல்ல, அவனுக்குப் பாதை என்றால் றோட்டு என்றுதான் விளங்கியது. வண்டிகளை ஏற்றி ஆற்றைக் கடத்துகிற மிதவைக்கு நாம் பாதை என்று சொல்வதையே அவனுக்கு விளக்க வேண்டியிருந்தது, மண்முனைப் பாலம் 2014இல் திறந்த பிறகு பிறந்த பிள்ளைதானே.

வெருகல் மாவலியின் ஒரு கிளைதான், பெரிய வாய் மூதூருக்குப் பக்கத்தில் கொட்டியாரக் குடாவில் இருக்கிறது. அதனால் அன்றைக்கே மூதூருக்கும் போனோம். கங்கைப் பாலத்தில் நின்று பார்த்தால் தண்ணீர் நகர்கிறதா நிற்கிறதா என்றே தெரியாது, அவ்வளவு சோம்பலாகக் கிடக்கிறது. 1660இல் ரொபர்ட் நொக்ஸ் என்ற ஆங்கிலேயர் பிடிபட்டது இந்தக் கொட்டியாரத்தில்தான். அவரைக் கொண்டுபோனது மலைநாட்டுக் கண்டி ராச்சியத்துக்கு, ஏறக்குறைய 20 வருடம் அங்கேயே வைத்திருந்தார்கள். நாங்களும் அந்தப் பக்கம்தானே போகிறோம் என்று மகன் சொன்னான்.

மிச்சத்தை அப்புறம் எழுதுகிறேன், பள்ளிக்கூட வேலை இருக்கிறது.


கல்முனை ரைடர்

ரீச்சர், அருமை. கேம்பர் வேன் வாடகைக்கு எடுத்தீர்களா, சொந்தமா? கழிவறைக்கு என்ன செய்தீர்கள்? என் உம்மாவுக்கும் 70 தாண்டிவிட்டது, இது தெரியாமல் கூட்டிக்கொண்டு போக முடியாது.


கதிரவெளி மகள்

தம்பி, கேம்பர் வேன் வாடகை எங்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. வெளிநாட்டுக்காரரை நினைத்து வைத்திருக்கிற விலை அது. என் மச்சாளின் மகனிடம் ஒரு பழைய கேடிஎச் வேன் இருக்கிறது, பின் இருக்கைகளைக் கழற்றித் தந்தார். மரக்காலையில் பலகை வாங்கி, முட்டுக்கால் உயரத்துக்கு ஒரு தட்டு அடித்தோம். மேலே பஞ்சு மெத்தை, கீழே பெட்டி, அரிசி, சட்டி பானை. அப்பாவும் மகனும் வேனுக்குள், நாங்கள் இரண்டு பேரும் பின்கதவைத் திறந்து அதோடு கட்டிய தறப்பாளுக்குக் கீழே. யானைப் பயம் உள்ள இடங்களில் நாலு பேரும் உள்ளே நெருக்கிக்கொண்டு படுத்தோம். தனியாக ஒரு பற்றரி வைத்து அதில் ஒரு சின்ன விசிறியும் ஒரு லைட்டும். ஒற்றை அடுப்புக் கேஸ், 20 லீட்டர் தண்ணீர்க் கலன் இரண்டு, நுளம்பு வலை. நுளம்பு வலையை மட்டும் மறக்கவே வேண்டாம்.

கழிவறை வேனில் இல்லை. காலையில் எங்கே போவது என்பதைப் பார்த்துத்தான் இரவில் எங்கே படுப்பது என்று முடிவெடுத்தோம். கோயில் மடம், பெற்றோல் செட், சின்ன விடுதிகளின் முற்றம். விடுதிக்காரரிடம் போய், அறை வேண்டாம், வேனை நிறுத்தி உங்கள் கழிவறையையும் குழாயையும் பாவிக்கிறோம், என்ன தர வேண்டும் என்று நேராகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்கிறார்கள். ஒரே ஒரு இடத்தில் மட்டும் காசை வாங்கிவிட்டு இரவு 10 மணிக்கு இடம் வேண்டும், எடுங்கள் என்றார்கள். அப்பாவைத் தூக்கத்தில் எழுப்பி வேறு இடம் தேடிய இரவு அது. மனதுக்கு மிகவும் கஷ்டமாகப் போய்விட்டது. அன்றில் இருந்து காசு கொடுக்கும்போதே எத்தனை மணி வரைக்கும் என்று கேட்டு ஒரு துண்டில் எழுதி வாங்கினோம். உம்மாவைக் கூட்டிக்கொண்டு போவதாக இருந்தால் நீங்களும் இதைச் செய்யுங்கள்.

டீசல் லீட்டருக்கு ஒன்பது, பத்துக் கிலோமீட்டர் ஓடியது, மலையில் ஏழு.


ஓட்டமாவடியான்

தங்கச்சி, ஒரு விஷயம் விட்டுவிட்டீர்கள். மாவலித் தண்ணீரைப் பார்க்க வெருகலுக்கே போக வேண்டியதில்லை. உல்ஹிட்டிய, ரத்கிந்த குளங்களில் இருந்து சுரங்கம் வெட்டி மாதுரு ஓயா என்கிற ஆற்றுக்குத் தண்ணீர் விட்டிருக்கிறார்கள், 1983இல் மாதுரு ஓயா அணை திறந்ததில் இருந்து இது நடக்கிறது. மாதுரு ஓயா இறங்கி வருவது நம்முடைய வாழைச்சேனை வாவிக்குத்தானே. ஆகவே நான் தினமும் கடைக்குப் போகிற பாலத்துக்குக் கீழே ஓடுவதிலும் மாவலி கலந்திருக்கிறது. சின்ன வயதில் எங்கள் வாப்பா அந்தப் பாலத்தடியில் தூண்டில் போட்டுக்கொண்டு, இது கண்டித் தண்ணி என்பார், நாங்கள் கதை என்று நினைத்தோம்.

போகிறவர்கள் மாதுரு ஓயா அணையடிக்கும் ஒரு எட்டுப் போய்வாருங்கள். புது அணை கட்ட மண்ணைத் தோண்டும்போது பழைய காலத்து மதகு ஒன்று அப்படியே வெளியே வந்தது. செங்கல்லும் கருங்கல்லும் வைத்துக் கட்டியது. இப்போது எஞ்சினியர்மார் அணைக்குத் தேர்ந்தெடுத்த அதே இடத்தைத்தான் முன்னோரும் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அதைப் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.


கதிரவெளி மகள்

நானா, இது எனக்குத் தெரியவே தெரியாது. அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன், உடனே ஓட்டமாவடிக்குப் போவோம் என்கிறார். மிக்க நன்றி.

சரி, மிச்சக் கதை. மூதூரில் இருந்து வந்த வழியே திரும்பி, பொலன்னறுவை றோட்டில் ஏறி, புணானை, வெலிகந்தை கடந்து மனம்பிட்டி. வெலிகந்தையில் இருந்து மனம்பிட்டி வரைக்கும் பின்னேரம் 5 மணிக்குப் பிறகு ஓட வேண்டாம், யானை றோட்டுக்கு வருகிறது. மனம்பிட்டியில் இரும்புப் பாலமும் 2007இல் திறந்த புதுப் பாலமும் பக்கத்தில் பக்கத்தில். பழைய பாலத்தில் றெயிலும் பஸ்ஸும் ஒரே வழியில் போன காலத்தில், றெயில் போகட்டும் என்று பஸ்ஸில் இருந்து இறங்கிக் கச்சான் வாங்கித் தின்றதை அப்பா சொன்னார். கீழே மணல் திட்டுத் திட்டாகக் கிடக்க, நடுவில் மூன்று ஓடையாகத் தண்ணீர். குளிக்க இறங்காதீர்கள், முதலை இருக்கிறது. மினிப்பே அணைக்கட்டுக்குக் கீழே எங்குமே ஊர்க்காரரைக் கேட்காமல் காலை வைக்க வேண்டாம்.

இரவு மனம்பிட்டியில் நிற்காமல் பொலன்னறுவை டவுனுக்குப் போய்விட்டு, மறுநாள் திரும்பி அரலகன்வில வழியாகத் தெற்கே இறங்கினோம். தெஹியத்தகண்டி, கிராந்துருகோட்டை. தெஹியத்தகண்டி அம்பாறை மாவட்டம் என்பது பலருக்கு மறந்தே போகும். மாவலி அபிவிருத்தியில் குடியேற்றிய ஊர்கள் இவை, பார்க்கிற இடமெல்லாம் வாய்க்கால். ஆனால் குடிக்கிற தண்ணீர் விஷயத்தில் கவனம். இந்தப் பக்கம் சிறுநீரக நோய் அதிகம். ஊருக்கு ஊர் சுத்திகரித்த தண்ணீர் நிலையம் இருக்கிறது, சில்லறைக் காசுக்குக் கலனை நிரப்பித் தருவார்கள். ஊர்ச் சனம் கலனோடு வரிசையில் நிற்கும், நாங்களும் நின்றோம். பின்னால் நின்ற ஒரு அம்மா எங்கள் வேன் கதவால் எட்டிப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் ஒரு சட்டி எருமைத் தயிரும் கித்துள் பாணியும் கொண்டுவந்து தந்தார். காசு வாங்கவில்லை.

மினிப்பேயைப் பற்றிக் கொஞ்சம் நீட்டி எழுதப்போகிறேன், ஏனென்றால் இந்தப் பயணத்தில் அப்பாவின் இடம் என்றால் அதுதான். ராசாக்கள் காலத்து அணைக்கட்டு, திரும்பத் திரும்பத் திருத்திக் கட்டியது. இடதுகரை வாய்க்கால் மட்டும் 70 கிலோமீட்டருக்கு மேல் போகிறது. சுற்றுலாக்காரர் யாரும் இல்லை. வாய்க்கால் தலைப்பில் கதவு திறக்கிற ஒருவர் நின்றார், அறுபதை நெருங்கிய மனிதர், முழங்கால் வரை மடித்த சாரம். கதவை உயர்த்துகிற இரும்புத் திருகுத் தண்டு முழுக்கக் கிரீஸ் பூசியிருந்தது, அதில் கறுத்த விரல் அடையாளங்கள். பக்கத்துச் சுவரில் தண்ணீர் அளக்கிற வெள்ளைப் பலகை, கோடுகள் பாசியில் பாதி மறைந்துபோய். அப்பா நேரே போய் அந்தப் பலகையை உள்ளங்கையால் துடைத்தார். கதவுக்காரர் ஒன்றும் சொல்லாமல் சிரித்தார். அப்பாவுக்குச் சிங்களம் கொஞ்சம், அவருக்குத் தமிழ் அதைவிடக் கொஞ்சம். ஆனால் வயல் செய்கிறவனுக்கும் தண்ணீர் விடுகிறவனுக்கும் பாஷை பெரிதாகத் தேவைப்படவில்லை. முறைத் தண்ணீர் எத்தனை நாளுக்கு ஒருக்கால், வாய்க்கால் கடைசியில் இருக்கிறவனுக்குப் போய்ச் சேருகிறதா, களவாக மடை திறக்கிறவர்கள் அங்கேயும் உண்டா. எல்லாக் கேள்விக்கும் பதில் வந்தது. கடைசிக் கேள்விக்கு இரண்டு பேரும் சேர்ந்து தலையை ஆட்டினார்கள்.

பிறகு அப்பா கேட்டார், மேலே கதவு திறந்தால் எங்களுக்கு எத்தனை நாளில் வெள்ளம் வரும் என்று. அந்த மனிதர் ஆற்றின் பக்கம் திரும்பி, விரலை ஒவ்வொன்றாக மடக்கி ஊர் ஊராகச் சொல்லி எண்ணினார். மஹியங்கனை, மனம்பிட்டி என்று வந்து வெருகல் என்று தானாகவே நிறுத்தினார். அவர் வாயில் வெருகல் என்ற பெயர் வந்ததும் அப்பா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு மணித்தியாலம் அங்கேயே நின்றோம். அவருக்கு எங்கள் ஊர்க் கருவாட்டில் ஒரு பொதி கொடுத்தோம்.


இங்கினியாகலை

எல்லாம் நன்றாக இருக்கிறது. ஆனால் நான் ஒன்று கேட்கிறேன், ஏன் எல்லாரும் மாவலி மாவலி என்று ஓடுகிறீர்கள்? நம்முடைய பட்டிப்பளை ஆற்றுக்கு என்ன குறை? கல்லோயா என்று பெயரை மாற்றிவிட்டதால் மறந்துவிட்டோமா? 108 கிலோமீட்டர். பதுளைக்குக் கிழக்கே மலையில் பிறந்து இங்கினியாகலையில் சேனநாயக்க சமுத்திரத்தில் விழுந்து, அம்பாறை வயல்களுக்கு எல்லாம் பிரிந்து, ஒலுவில் பக்கம் கடலுக்குப் போகிறது. இலங்கையில் இருக்கிற நீர்த்தேக்கங்களில் பெரியது எது? விக்டோரியா இல்லை, ரந்தெனிகல இல்லை, எங்கள் சேனநாயக்க சமுத்திரம், 950 மில்லியன் கனமீற்றர். படகில் போனால் யானை ஒரு தீவில் இருந்து மற்றத் தீவுக்கு நீந்திப் போவதைப் பார்க்கலாம். வயதானவர்களோடு போகிறவர்களுக்கு 11 நாள் வேண்டாம், மூன்று நாள் போதும், மலைக் குளிரும் இல்லை, பிரேக் சூடாகிற முடக்குகளும் இல்லை. ஒலுவிலில் கடலோரம் ஒரு இரவு, அம்பாறையில் ஒரு இரவு, இங்கினியாகலை அணையடியில் ஒரு இரவு. நான் ஓட்டோவில் மனைவியோடு போயிருக்கிறேன். கல்முனைத் தம்பி, உம்மாவைக் கூட்டிக்கொண்டு முதலில் இதற்கு வாருங்கள்.


கல்முனை ரைடர்

நீங்கள் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. வீட்டில் இருந்து பார்த்தால் இரண்டாவது நாளே அணையடிக்குப் போய்விடலாம், உம்மாவுக்கு முடியாவிட்டால் உடனே திரும்பவும் முடியும். முதலில் பட்டிப்பளை, அது சரிவந்தால் அடுத்த வருடம் மாவலி.


கதிரவெளி மகள்

அண்ணே, உங்கள் கோபம் நியாயமானது. பட்டிப்பளைக்கு ஒரு தனி இழை தொடங்குங்கள், நான் முதல் ஆளாக வாசிப்பேன். எங்கள் அப்பாவுக்கு மாவலி அவருடைய ஆறு, அதனால் போனோம். உங்களுக்கு உங்கள் ஆறு. அவரவர் வீட்டுக்குப் பக்கத்தில் கடலில் விழுகிற ஆற்றைப் பிடித்துக்கொண்டு மேலே போவதுதான் இந்தப் பயணத்தின் ருசி என்று நினைக்கிறேன்.


ரொறன்ரோ மட்டக்களப்பான்

அக்கா, நாங்கள் ஆடியில் வருகிறோம், கட்டுநாயக்காவில் இறங்கி நேரே நுவரெலியாவுக்குப் போய் மேலே இருந்து கீழே வரலாம் என்று யோசிக்கிறேன். ஆறு ஓடுகிற திசையில் போவதுதானே இயல்பு. ஏன் நீங்கள் எதிர்த் திசையில்?


கதிரவெளி மகள்

தம்பி, ஆடியில் மேலே நல்ல மழையும் காற்றும், ஹட்டன் பக்கம் மூடுபனியில் ஒன்றும் தெரியாது. கீழே நம்முடைய பக்கம் வெயில் கொளுத்தும். உங்களுக்கு லீவு அப்போதுதான் என்றால் வேறு வழியில்லை, மண்சரிவு எச்சரிக்கையைத் தினமும் பார்த்துவிட்டு ஓடுங்கள். திசையைக் கேட்டால், வயதானவர்களோடு கீழே இருந்து போவதே நல்லது. உடம்பு மெல்ல மெல்லக் குளிருக்குப் பழகும். தண்ணீரின் நிறமும் நாளுக்கு நாள் மாறுவதைப் பார்த்துக்கொண்டே போகலாம். வெருகலில் தேத்தண்ணி நிறம், மனம்பிட்டியில் கலங்கல், மினிப்பேக்கு மேலே பச்சை.

மேல் பாதியையும் எழுதி முடித்துவிடுகிறேன். மஹியங்கனையில் இருந்து கண்டிக்கு இரண்டு வழி. ஒன்று 18 வளைவு என்கிற மலை றோட்டு, மற்றது ரன்டெம்பே, ரந்தெனிகல, விக்டோரியா வழி. ஆற்றோடு போவது இரண்டாவதுதான், பகலில் மட்டும் போங்கள், சரணாலயம், யானை உண்டு. ரந்தெனிகல நீர்த்தேக்கம் விக்டோரியாவைவிடக் கூடத் தண்ணீர் கொள்ளும், ஆனால் பார்வைக்கு விக்டோரியாதான். 122 மீற்றர் உயரம், வில்லாக வளைத்த கொங்கிரீட். 1985இல் திறந்தது. பழைய தெல்தெனிய டவுன் அந்தத் தண்ணீருக்குள் இருக்கிறது, கடும் வரட்சியில் மட்டம் இறங்கினால் பழைய கட்டிடங்கள் வெளியே தெரியும். எங்களுக்கு வெள்ளமாக வந்த தண்ணீர் இங்கே ஒரு ஊரையே மூடிவிட்டதா என்று அப்பா கேட்டார். அன்று பின்னேரம் வரைக்கும் அவர் அதிகம் பேசவில்லை.

கண்டியில் பொல்கொல்லையை விட்டுவிடாதீர்கள். சின்ன அணைதான். ஆனால் 1976இல் இருந்து இங்கே மாவலியில் ஒரு பங்கைத் திருப்பி, மலையைக் குடைந்த ஏறக்குறைய 8 கிலோமீட்டர் சுரங்கத்தால் உக்குவளைக்கு அனுப்புகிறார்கள். அது சுது கங்கை, அம்பன் கங்கை என்று போய், வழியில் குளங்களுக்கும் வயல்களுக்கும் கொடுத்துவிட்டு, மிச்சம் மனம்பிட்டிக்குப் பக்கத்தில் திரும்ப மாவலியோடு சேர்கிறது. நாங்கள் நின்ற பாலத்துக்கா என்று மகன் துள்ளினான். பேராதனைப் பூங்காவை மூன்று பக்கமும் ஆறு சுற்றி ஓடுகிறது, அங்கே ஒரு முழு நாள் அப்பாவை மரத்தடியில் உட்காரவைத்தோம். கம்பளைக்கு மேலே கொத்மலை ஓயா வந்து விழுகிறது.

நாவலப்பிட்டிக்கு மேலே ஒரு சிக்கல். வேன் றோட்டு கினிகத்தேனைப் பக்கம் போய்விடும், அது களனி ஆற்றுக்குத் தண்ணீர் போகிற பக்கம். ஆற்றோடு போவது றெயில்தான். ஆகவே அப்பா, மகன், நான் மூன்று பேரும் நாவலப்பிட்டியில் றெயில் ஏறினோம், கணவர் வேனை ஹட்டனுக்குக் கொண்டுவந்தார். இங்குறு ஓயா, கலபொட, வட்டவளை என்று ஹட்டன் ஓயா சன்னலுக்குக் கீழேயே வருகிறது. பணத்தைக் கணக்குப் பார்த்தால் 11 நாளில் மிக மலிவான பகுதி அதுதான், எனக்குப் பிடித்ததும் அதுதான். ஹட்டனில் நீர் பிரிகிறது, ஒரு சரிவில் பெய்கிற மழை காசல்றீ நீர்த்தேக்கம் வழியாகக் களனியோடு கொழும்புக்கு, மற்றச் சரிவில் பெய்வது மாவலியோடு திருகோணமலைக்கு.

தலவாக்கலையில் இரவு நல்ல குளிர். குளிருக்குப் பயந்து வேன் கண்ணாடி எல்லாவற்றையும் இறுக்கி மூடிவிட்டோம். விடியப் பார்த்தால் கூரைத் தகட்டில் இருந்து துளித்துளியாகத் தண்ணீர், மெத்தையின் தலைப்பக்கம் நனைந்து அப்பாவின் கம்பளியும் ஈரம். எங்கள் மூச்சுத்தான் தண்ணீராகி இருக்கிறது. எவ்வளவு குளிர் என்றாலும் இரண்டு பக்கமும் ஒரு விரல் அகலம் திறந்து வைத்துவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

கடைசி இடம் அக்கரப்பத்தனை. தேயிலைத் தோட்டத்துக்குள் அக்ரா ஓயாவுக்கு மேலே ஒரு சின்னப் பாலம். கல்லுக்குக் கல் தாவினால் மகனே கடந்துவிடுவான், அவ்வளவுதான் அகலம். அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கிக் காலை வைத்தார், வைத்த வேகத்தில் எடுத்தார், அவ்வளவு குளிர். கொழுந்துக் கூடையோடு வந்த ஒரு ஆச்சி, ஐயா எங்கேருந்து வர்றீங்க என்று கேட்டார். இந்தத் தண்ணி கடலில் விழுகிற ஊரில் இருந்து என்றார் அப்பா. அவர் பிறந்ததில் இருந்து இந்த ஆற்றில்தான் துணி துவைக்கிறாராம், எங்கே போகிறது என்று யாரும் சொன்னதில்லையாம். அங்கயும் தமிழாளுகதானா என்று கேட்டார். லயத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் இஞ்சி போட்ட சாயத் தேத்தண்ணி தந்தார். மழை எப்படி, வெள்ளம் எப்படி, நெல் என்ன விலை, கொழுந்து கிலோவுக்கு என்ன என்று இரண்டு பேரும் மதியம் வரைக்கும் பேசிக்கொண்டு இருந்தார்கள்.


தலவாக்கலைப் பெடியன்

அக்கா, நம்ம ஊருக்கு வந்திருக்கீங்க, சந்தோஷம். நிறையப் பேர் மாவலியின் ஊற்றைப் பார்க்கிறோம் என்று ஹோட்டன் சமவெளிக்குப் போய் பேக்கர் நீர்வீழ்ச்சியைப் படம் எடுத்துப் போடுகிறார்கள். அந்தத் தண்ணீர் மாவலிக்கு வருவதே இல்லை, பெலிஹுல் ஓயாவாகித் தெற்கே வளவை கங்கைக்குப் போகிறது. மாவலிக்கு வருவது சமவெளியின் இந்தப் பக்கம், அக்ரா ஓயா. அது நானு ஓயாவோடு சேர்ந்துதான் கொத்மலை ஓயா ஆகிறது. ஹட்டன் ஓயாவை ஊற்று என்று சொல்கிறவர்களும் உண்டு, ஆனால் நீங்கள் நின்ற இடம் சரியான இடம். சென் கிளேயர் நீர்வீழ்ச்சியையும் பார்த்தீர்களா? 2012இல் மேல்கொத்மலை மின்நிலையம் வந்த பிறகு தண்ணீர் குறைந்துவிட்டது, முந்தி இருந்த சத்தம் இப்போது இல்லை. எங்கள் தாத்தா அந்தச் சத்தத்தில்தான் தூங்குவேன் என்பார்.


வாவிக்கரை

எனக்கு ஒரு கவலை. இதை வாசித்துவிட்டுச் சின்னப் பிள்ளைகளோடு ஆற்றங்கரையில் வேனை நிறுத்திப் படுக்கப் போகிறார்கள். யானை, முதலை, திடீரென்று வான்கதவு திறப்பு. எங்கள் சொந்தத்தில் ஒருவர் கரையில் சமைத்துக்கொண்டு இருந்தபோது தண்ணீர் ஏறி, சட்டி பானையை விட்டுவிட்டு ஓடியிருக்கிறார். இதையும் பெரிதாக எழுதுங்கள்.


கதிரவெளி மகள்

அக்கா, நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. நாங்கள் ஒரு இரவும் ஆற்றங்கரையில் படுக்கவில்லை. பகலில் ஆறு, இரவில் டவுன் என்பதுதான் எங்கள் கட்டுப்பாடு. அணைக்குக் கீழே மணலில் அடுப்பு மூட்டவே கூடாது, மழை இல்லாத நாளிலும் மின்சாரத்துக்காகத் தண்ணீர் விடுவார்கள். காட்டு றோட்டில் உப்பு, பழம், சமைத்த சோறு எதையும் திறந்து வைக்கக் கூடாது, யானைக்கு மணம் போய்விடும். பிரேக் விஷயத்தை இவரே எழுதட்டும்.


(அவரின் கணவர் எழுதுகிறேன்.) வரும்போது கண்டியில் இருந்து 18 வளைவு வழியாக இறங்கினோம். ஏறும்போது இல்லாத பிரச்சினை இறங்கும்போது வந்தது. நான் மட்டக்களப்பு ஆள், எங்கள் ஊரில் மேடு என்றால் பாலம்தான். மூன்றாம் கியரில் விட்டுப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தேன். பாதியில் கருகின மணம், பெடல் மெத்தென்று உள்ளே போகத் தொடங்கியது. நல்லவேளை ஒரு அகலமான இடம் வந்தது, நிறுத்திவிட்டேன். பின்னால் வந்த லொறிக்காரர் இறங்கி வந்து, தண்ணீர் ஊற்றாதே, முக்கால் மணித்தியாலம் சும்மா விடு, ஏறின கியரிலேயே இறங்கு என்றார். மிச்சத்தை இரண்டாம் கியரிலும் முதலாம் கியரிலும் இறக்கினேன், பிரேக்கைத் தொட்டது கொஞ்சம்தான். ஊருக்கு வந்து கழற்றிப் பார்த்தால் முன் பிரேக் பாட் தேய்ந்து இரும்பு தெரிகிறது. புறப்படுவதற்கு முன்னமே பாட், பிரேக் எண்ணெய் இரண்டையும் மாற்றிவிட்டுப் போங்கள். பலகையும் பாரமும் நாலு பேரும் சேர்ந்தால் வேன் நீங்கள் நினைப்பதைவிடக் கனம்.


ஓட்டமாவடியான்

தம்பி, அல்லாஹ் காப்பாற்றினான். ரீச்சர், அப்பாவை எப்போது கூட்டிக்கொண்டு வருகிறீர்கள்? பாலத்தடியில் வாப்பாவின் தூண்டில் போட்ட இடத்தைக் காட்டுகிறேன். மத்தியானச் சாப்பாடு எங்கள் வீட்டில்.


கதிரவெளி மகள்

வாற சனிக்கிழமை நானா. வேனைப் பலகை, மெத்தை எல்லாவற்றோடும் அப்படியே வைத்திருக்கிறோம், கல்முனைத் தம்பியும் வந்து அளவு எடுத்துக்கொள்ளலாம். அப்பா இப்போதே மாதுரு ஓயா மதகுக்கு எந்த வழியால் போவது என்று கேட்கத் தொடங்கிவிட்டார்.